இப்போது இழுப்பதில்லை

உள்ளே வாருங்கள் அண்ணா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். பிக்கப் வண்டி பார்க்க வந்தவர்தானே? பெரியத்தான் போன் செய்து சொன்னார், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வருவார், நமக்கு வேண்டிய மனிதர், டீ போட்டுக் கொடு என்று. பெரியத்தான் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன், இருதயராஜ். அவரைக் கூட்டிக்கொண்டு வரத்தான் இவர் பைக்கில் போயிருக்கிறார். சாவியும் இவர் பையில்தான். அதனால் வண்டியை இப்போது ஓட்டிப் பார்க்க முடியாது. வெளியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் புதுப் பெயிண்ட் வாசனை இங்கே வரைக்கும் அடிக்கிறதே.

இந்தாருங்கள் டீ. சத்தம் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள்.

இவர் என்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் தெரியுமா? "வந்தவர் கேட்டா நல்ல வண்டின்னு சொல்லு ஜெனோ. ஸ்டியரிங்கப் பத்தி வாயத் தொறந்துராத." சரி என்றேன். நல்ல வண்டி அண்ணா. இன்ஜின் நல்ல இன்ஜின். குளிரில் கூட ஒரே சாவியில் எழுந்துவிடும். ஹாரன் அடித்தால் கீழ் வளைவு வரைக்கும் கேட்கும். சொல்லிவிட்டேன், இல்லையா? அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லியாயிற்று. நான் ஜெனோவா. கான்வென்ட்டில் படித்தவள். இனிமேல் சொல்வது என் பேச்சு.

உங்கள் போனில் அது யார், மகளா? முன்பல் இப்போதுதான் விழுந்திருக்கிறது போல. இவளை எங்கே உட்கார வைப்பீர்கள்? முன்னால், நடுவில், கியருக்குப் பக்கத்தில். எல்லாரும் அப்படித்தான் வைக்கிறோம். நாங்களும் அப்படித்தான் போனோம்.

எனக்குப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்து பேசுகிற ஆள் இல்லை நான். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் மாமனார் தவறியதும் அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்தார்கள். மேல் காடு, அந்தக் காப்பித் தோட்டம், அண்ணனுக்கு. இந்த வீடும் வண்டியும் தம்பிக்கு. காடு எங்கே, வண்டி எங்கே என்று நான் கேட்கவில்லை. வந்து சில மாதமான மருமகள் கேட்டால் நன்றாகவா இருக்கும்? கோவில் வாசலில் வண்டியை நிறுத்தி, ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பெரியத்தான் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நின்று, இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தார். இவர் குனிந்தார். அண்ணன் தம்பி நெற்றியில் சிலுவை போட்டார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் குடுத்தா அது அப்பா குடுத்த மாதிரி" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் என்ன செய்வார்? துண்டை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். நீங்களும் அதற்குத்தானே பழைய சட்டை போட்டு வந்திருக்கிறீர்கள்? இவர் படுக்கவில்லை. நெற்றியில் சிலுவை வாங்குவதற்குக் குனிந்ததோடு சரி. அண்ணன் கொடுத்த வண்டிக்கு அடியில் தம்பி தலையை விட்டால், அண்ணனைச் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தமாம். ஊரில் அப்படித்தான் பேசுவார்களாம். இந்த வீட்டு வழக்கம் எனக்கென்ன தெரியும்?

முதல் தடவை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கையை விட்டால் வண்டி இடது பக்கம் போனது. வெறும் வண்டி என்றால் கொஞ்சம் இழுக்கும். தார் ஏற்றினால் நிறைய. பிரேக் மிதித்தால் அதற்கும் மேல். இவர் எப்போதும் ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடித்தபடியே ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் தோள் வலி என்று உட்காருவார். நான் தைலம் தேய்ப்பேன். "வண்டி இழுக்குதுங்க" என்றால், "ரோடு சரியில்ல" என்பார்.

"ஏறும்போதும் இடது பக்கம், இறங்கும்போதும் இடது பக்கம். மலை ரோடு மலையைப் பாத்துத்தானே சாஞ்சிருக்கு? ரோடு இழுக்குதுன்னா ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது இன்னொரு பக்கம்ல இழுக்கணும்?"

"இங்கிலீஷ்ல படிச்சா வண்டி ஓட்டத் தெரிஞ்சுருமா?"

அதோடு பேச்சு முடிந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு.

ஒரு நாள் வண்டியே அவரைக் கேட்காமல் ஒரு மைல்கல்லை உரசியது. அப்புறம்தான் பட்டறைக்கு விட்டார். கீழே ராஜாமணி பட்டறை. பெரியத்தான் ஓட்டிய காலத்திலிருந்தே இந்த வண்டிக்கு அவர்தான். அவருக்கு வாய் அதிகம். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் இருக்கிறேன், என்னைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: "என்ன மாப்ள, ஒரே பக்கமா இழுக்குதா? பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு வந்தா எந்த வண்டியும் அவங்க ஊர்ப் பக்கம்தான் இழுக்கும்." பட்டறையே சிரித்தது. இவரும் சிரித்தார்.

முதலில் டயர் என்றார். இடது டயரைக் கழற்றி வலது பக்கம் போட்டார், வலதை இடது பக்கம். டயரில் கோளாறு என்றால் இனிமேல் வலது பக்கம்தானே இழுக்கவேண்டும்? அப்போதும் இடது பக்கமே இழுத்தது. "அப்ப டயர் இல்லையேண்ணே" என்றேன். "தங்கச்சி டீச்சர் வேலைக்குப் படிச்சீங்களோ?" என்றார்.

அடுத்தது அலைன்மென்ட். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டரில் வைத்து எல்லாம் நேராக இருக்கிறது என்று காகிதம் கொடுத்தார்கள். நேராகத்தான் இருக்கும். அங்கே வெறும் வண்டியை அல்லவா நிறுத்திப் பார்த்தார்கள். தார் ஏற்றியதும் மறுபடி பழைய கதை.

அதற்கப்புறம் டை ராடு. சக்கரத்தைத் திருப்புகிற கம்பி, அதன் முனையில் ஒரு குமிழ், அது தேய்ந்துவிட்டதாம். மாற்றினார். கொஞ்ச நாள் பரவாயில்லை. பிறகு ஸ்டியரிங்கே சும்மா சுற்ற ஆரம்பித்தது. இவ்வளவு திருப்பினால்தான் சக்கரம் அசையும். நான் கேட்டதற்கு ராஜாமணி, "பிளே தங்கச்சி. கொஞ்சம் பிளே இருக்கத்தான் செய்யும்" என்றார். பிளே! நான் படித்த கான்வென்ட்டில் மணி அடித்தால் பிளே, மறுமணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். இங்கே மணி அடிக்க ஆள் இல்லை.

நான் விடாமல் சொல்லிச் சொல்லி, ஸ்டியரிங் பாக்ஸில் ஒரு திருகு உண்டாம், அதை இறுக்கினார். ஆட்டம் நின்றது. அதற்குப் பதிலாக, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராமல் போனது. நீங்கள் வண்டி ஓட்டுகிறவர், உங்களுக்குத் தெரியும். வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்தினால் அதுவே நேராக வரவேண்டும், இல்லையா? இது வராது. திருப்பிய இடத்திலேயே முறைத்துக்கொண்டு நிற்கும். இவர் அதைப் பிடித்து இழுத்து நேராக்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்றினார்கள் அண்ணா. கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஒரே ஒரு தடவை பட்டறையில் வேறு யாரோ, "குழியில ஏத்தி அடியில பாத்துருவமே" என்றார்கள். ராஜாமணி, "அதெல்லாம் அண்ணன் ஓட்டுன வண்டிப்பா" என்றார். இவரும் தலையை ஆட்டினார். நான் வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் இருங்கள். தொட்டில் பக்கம் தணல் அணைந்துவிட்டது.

ம். கண் கரிக்கிறதா? சாம்பிராணிதான். எங்கள் அம்மா தன் கையால் இடித்து, வேப்பிலை, மஞ்சள் எல்லாம் சேர்த்து டப்பாவில் அனுப்புகிறார்கள். காலையும் மாலையும் தொட்டிலைச் சுற்றிக் காட்டுகிறேன், ஒரு நாள் தவறியதில்லை. பாப்பாவுக்கு இழுப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும். பனிதான் காரணம் என்றார்கள், ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டேன். பால் மாற்றினேன், மருந்து மாற்றினேன், டாக்டரை மாற்றினேன். புது டாக்டர் கேட்டார், "வீட்டுல புகை உண்டாம்மா?" "இல்ல டாக்டர், நாங்க கேஸ்லதான் சமைக்கிறோம்" என்றேன். என்னைப் பார்த்தால் விறகு அடுப்பு ஊதுகிறவள் மாதிரியா இருக்கிறது? இவர் ஒரு தடவை வாயைத் திறந்தார். "அந்தத் தூபத்தக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாப்பமா ஜெனோ?" எனக்கு வந்த கோபம்! எங்கள் அம்மா கொடுத்தனுப்பியதில் குறை கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டதா? அன்றைக்கு நான் அவரோடு பேசவே இல்லை. மறுபடி அவர் அந்தப் பேச்சு எடுக்கவில்லை.

ஆக இந்த வீட்டில் இழுப்பு என்றால் இரண்டு. வண்டிக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. "இன்னைக்கு இழுப்பு எப்பிடிம்மா?" என்று என் மாமியார் போனில் கேட்டால், எதைக் கேட்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டுத்தான் பதில் சொல்லவேண்டும்.

அதுதான் அன்றைக்கு வினையாகிவிட்டது.

மத்தியானம். இவர் பட்டறையில். பாப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் முதுகைத் தடவினேன், தூக்கிக்கொண்டு நடந்தேன், தூபம் காட்டினேன். கூடிக்கொண்டே போனது. விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. உதட்டில் நிறம் மாறியது. போன் போட்டேன். ராஜாமணி எடுத்தார்.

"தங்கச்சியா? சொல்லுங்க. மாப்ள கையெல்லாம் கிரீஸு."

"அண்ணே, அவர்கிட்டச் சொல்லுங்க. இழுப்பு நிக்கவே இல்ல. ஜாஸ்தியாயிட்டே போகுது. ஒடனே வரச் சொல்லுங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினார். "மாப்ள! வீட்ல சொல்றாங்க, இழுப்பு இன்னும் நிக்கலையாம்!"

அங்கே யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. தூரத்தில் இவர் குரல். "நின்னுருச்சுன்னு சொல்லுண்ணே!"

"நின்னுருச்சு தங்கச்சி. சுத்தமா நின்னுருச்சு. இனிமே பயப்படாம இருங்க."

வைத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். பாப்பாவின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். நின்றுவிட்டதா என்று. கீழே இருக்கிற மனிதர் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, ஒருவேளை நின்றிருக்குமோ என்று.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மலை ஏற ஆரம்பித்துவிட்டால் டவர் கிடைக்காது. வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்துக் கீழ் வளைவில் ஹாரன் கேட்டது, விட்டு விட்டு, குஷியாக. வந்தார். ஸ்டியரிங்கில் ஒரு விரல்கூட வைக்காமல், இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார் அண்ணா. "பாத்தியா? நேரா வருது பாரு!"

நான் பிள்ளையைக் காட்டினேன்.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அது ஒன்றுக்காகத்தான் நான் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறேனோ என்னவோ.

அன்றைக்குப் பக்கத்து ஊர்க் கோவிலில் கொடியேற்றம். வாடகை ஜீப் எல்லாம் அங்கே போய்விட்டது. பஸ் வர நேரமாகும். அதனால் அதே வண்டியில் இறங்கினோம். நான் நடுவில், பாப்பா என் மடியில். முதலில் நேராகத்தான் போனது. இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் போட்டார். அடியில் ஒரு சத்தம், பெரிய பூட்டைத் திறந்தது போல். அப்புறம் ஸ்டியரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. இவர் திருப்பிக்கொண்டே இருக்கிறார், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வண்டி அது பாட்டுக்கு இடது பக்கம் போகிறது.

அந்த வளைவில் இடது பக்கம் பாறையும் ஓடையும். ஓடைக்குள் சக்கரம் இறங்கி, பாறையில் சாய்ந்து நின்றது. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கையில் காயம். மாதா காப்பாற்றினார்கள் என்று மாமியார் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஏற்றட்டும். அதற்கு முந்தின வளைவில் இடது பக்கம் என்ன இருக்கிறது என்று நீங்கள் திரும்பிப் போகும்போது பாருங்கள். ஒன்றுமே இல்லை அண்ணா. காற்றுத்தான்.

பின்னால் வந்த பால் வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள். பெரியத்தான் பஸ் பிடித்து வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. வந்து நின்று இவரிடம் சொன்னார்: "வண்டியில கை வச்சா நிதானம் வேணும்டா பிரிட்டோ. நான் எத்தன வருசம் ஓட்டிருக்கேன், என்னைக்காச்சும் இப்பிடி ஆயிருக்கா?" இவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தாண்ணே" என்றார்.

வண்டியை இழுத்து வந்து இந்த வாசலில் போட்டார்கள். இரண்டு மூன்று நாள் இவர் அதன் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெனோ, ஏறி உக்காந்து ஸ்டியரிங்க ஆட்டு. நான் கீழ படுத்துப் பாக்குறேன்."

அதற்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் மேலே ஆட்டினால்தான், கீழே இருப்பவருக்கு எது அசைகிறது என்று தெரியும். இத்தனை நாள் அது அவருக்குத் தெரியாமலா இருந்தது? நான் ஏறி உட்கார்ந்தேன். அந்த சீட்டில் உட்காருவது அதுதான் எனக்கு முதல் தடவை.

"ஆட்டு. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மெதுவா... நிறுத்து."

நிறுத்தினேன்.

"திரும்ப ஆட்டு."

ஆட்டினேன்.

"என்னங்க? என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. ஆட்டு."

ரொம்ப நேரம் ஆட்டச் சொன்னார் அண்ணா. அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது, இருந்தாலும் ஆட்டச் சொன்னார். வெளியே வந்தபோது புருவத்தில் துருத் தூள் ஒட்டியிருந்தது. "போல்ட்டு லூசு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு அடியில் படுத்தேன். நைட்டியெல்லாம் கிரீஸ். ஸ்டியரிங் பாக்ஸ் என்று ஒரு இரும்புப் பெட்டி, அதை வண்டியின் எலும்பு மாதிரி இருக்கிற நீளமான சேஸ் இரும்பில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. அந்த சேஸ் இரும்பே கிழிந்திருந்தது. புதிதாகக் கிழிந்ததில்லை. கிழிந்த இடத்தில் யாரோ வெல்டிங் வைத்து, தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, அந்த வெல்டிங்கும் மறுபடி விட்டிருந்தது. அப்படியென்றால் இவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முதலில் அந்தப் பெட்டிதான் அசைந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் சக்கரம். டயரை மாற்றி, கம்பியை மாற்றி, திருகை இறுக்கி என்ன பிரயோசனம்?

ராஜாமணி வந்தார். இவர் மெதுவாகத்தான் கேட்டார். "ஏண்ணே, இது பழைய வெல்டிங்குல்ல?"

"ஆமா மாப்ள. நான்தான் வச்சேன். அண்ணன் ஒரு தடவ பாலத்துச் செவுத்துல விட்டுட்டாருல்ல, அப்ப." கொஞ்சம்கூட முகம் மாறவில்லை. "தம்பிக்குத் தெரிய வேணாம்னாரு. நான் எப்பிடிச் சொல்றது?"

நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "இத்தனை நாள் தெரிஞ்சுக்கிட்டேவா டயர மாத்துனீங்க?" என்று வெளியே வந்துவிட்டேன். "தங்கச்சி, அண்ணன் பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். நான் இவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று.

"அண்ணன் மறந்திருப்பாரு" என்றார்.

அவ்வளவுதான். மறந்திருப்பாராம்.

சரியாக ரிப்பேர் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். திண்டுக்கல்லில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து வேறு இரும்பு வைத்துக் கொடுக்கிற இடம் இருக்கிறது. ஆனால் ராஜாமணியை விட்டு அங்கே கொண்டுபோனால் ஏன் என்று ஊர் கேட்கும். இந்த வருடத் திருவிழாவை முன்னின்று நடத்துவது பெரியத்தான்தான். தேருக்கு முன்னால் நடக்கப் போகிற மனிதர் தம்பிக்கு ஒடிந்த வண்டியைத் தள்ளிவிட்டார் என்று பேச்சு வரலாமா? அதனால் ராஜாமணியே பழைய வெல்டிங்குக்கு மேல் இன்னொரு வெல்டிங் வைத்தார். தேய்த்தார். பெயிண்ட் அடித்தார். பெரியத்தானே வந்து நின்று, "மனசு சரியில்லன்னா குடுத்துருடா, நான் ஆள் பாக்குறேன்" என்றார். பார்த்த ஆள் நீங்கள்.

இப்போது இழுப்பதில்லை அண்ணா. கையை விட்டால் நேராகப் போகிறது. இழுத்தபோதாவது இவர் இறுக்கிப் பிடித்து ஓட்டினார். இப்போது அதுவும் இல்லை. அதுதான்... பயம் என்று சொல்லமாட்டேன். உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

எழுந்துவிட்டீர்களே. டீயைக்கூடக் குடிக்கவில்லை. போகிறீர்களா?

போகாதீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் வாங்கினால் உங்கள் மகள் அந்த நடுச் சீட்டில். நீங்கள் வாங்காமல் போனால் வண்டி இங்கேயே நிற்கும். நாளைக்குச் சந்தை. இவர் தார் ஏற்றிக்கொண்டு இறங்குவார். விற்காத வண்டியைச் சும்மா நிறுத்தினால் அண்ணனுக்குச் சங்கடம் என்று, அதற்காகவே இறங்குவார். எனக்கு அவரைத் தெரியும்.

பைக் சத்தம்தான். வந்துவிட்டார்கள். பின்னால் பெரியத்தான், வெள்ளை வேட்டி.

சீக்கிரம் சொல்கிறேன், கேளுங்கள். நான் சொன்னதாக எதுவும் சொல்லவேண்டாம். ஒன்று மட்டும் செய்யப்போகிறேன். வண்டியை உங்களுக்கு ஓட்டிக் காட்டச் சொல்லி பெரியத்தானைக் கேட்கப்போகிறேன், கீழ் வளைவு வரைக்கும். சாவி கொடுத்த நாளிலிருந்து அவர் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. நாங்கள் எல்லாரும் அதில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனோம், அவர் பஸ்ஸில் வந்தார். அவர் பிள்ளைகளையும் ஏற்றவிடமாட்டார். முன்பு ஒரு தடவை அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தபோதுகூட, இவர் வண்டியில் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். இவருக்கு அது உறைக்கவில்லை. இன்றைக்கு உறைக்கட்டும். அவர் ஏறமாட்டார், ஏதாவது சாக்குச் சொல்வார். அப்போது நீங்கள் வண்டியைப் பார்க்காதீர்கள், என் வீட்டுக்காரர் முகத்தைப் பாருங்கள். தன் அண்ணன் ஏறப் பயப்படுகிற வண்டி என்று ஒரு தடவை கண்ணால் கண்டுவிட்டால் போதும், அப்புறம் அவர் உங்களுக்கும் விற்கமாட்டார், தானும் ஏறமாட்டார்.

வாங்க பெரியத்தான். வாங்க. வண்டி பாக்க வந்த அண்ணன் ரொம்ப நேரமாக் காத்திருக்காங்க. டீ அப்புறம் போடுறேன், இவங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சாம். நீங்களே ஒரு எட்டு கீழ் வளைவு வரைக்கும் ஓட்டிக் காட்டிருங்க. உங்க கைப்பட்ட வண்டிதானே.

என்ன பெரியத்தான்? முதுகு வலியா? எப்பயிருந்து?

பாத்தீங்களா அண்ணா? பாத்தீங்கள்ல?

என்னங்க... நீங்க ஏன் டிரைவர் சீட்ல ஏறுறீங்க? உங்களக் கேக்கல. அவரைத்தான் கேட்டேன். அவருக்கு முதுகு வலின்னா விடுங்க, இவங்க இன்னொரு நாள் வந்து பாத்துக்குவாங்க. சாவிய எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல. ஏன் சிரிக்கிறீங்க, எனக்கு ஒண்ணும் பயமில்ல, இறங்குங்க. அண்ணா, அவர் கூப்பிட்டாலும் நீங்க அந்தப் பக்கம் ஏறாதீங்க. நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்?

ஸ்டார்ட் பண்ணாதீங்க. பாப்பா எந்திரிச்சுருவா.

பெரியத்தான், நீங்க சொன்னா இறங்கிருவார். ஒரே வார்த்தை. ஏன் தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சொல்லுங்க பெரியத்தான்.